அவர் சொல்ல வேண்டிய பதில்

ஆபரேஷனைத் தள்ளிப்போட ராகவேந்திரன் சொல்லாத சாக்கு இல்லை. முதலில் நவராத்திரி என்றார். பிறகு மழை என்றார். மழை விட்டதும் மார்கழிக் கச்சேரி வந்தது. கடைசியில் டாக்டரே கோபித்துக்கொண்ட பிறகுதான் "சரி, வரேன்" என்று தலையாட்டினார்.

சின்ன ஆபரேஷன்தான். குடலிறக்கம். இன்று அட்மிஷன், நாளைக் காலை ஆபரேஷன், ஓரிரு நாளில் வீடு.

வாடகைக் கார் மந்தைவெளியில் மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த தகரத் தடுப்புகளுக்கு நடுவில் ஊர்ந்தது.

"இந்த மெட்ரோ முடியறதுக்குள்ள எனக்கு இன்னொரு ஆபரேஷன் வந்துடும்" என்றார் ராகவேந்திரன்.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மகன் கிரீஷ் சிரித்தான். சாருலதா சிரிக்கவில்லை. மாத்திரைப் பையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அடையாற்றில் அவர்கள் போகும் அந்தத் தனியார் மருத்துவமனையில் சாருலதா துணை நர்ஸிங் கண்காணிப்பாளர். நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது மயிலாப்பூரில் அவள் பிறந்த வீட்டில் ஒரு வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கு அங்கே நோயாளிகள் யாரும் தவறி விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு முழுவதும் அவள் கையில். படியேறும்போது ஒருவர் கைப்பிடியை எப்படிப் பற்றுகிறார், நாற்காலியிலிருந்து எழுந்திருக்க எத்தனை முறை முயல்கிறார் என்று பார்த்தே, "இவரைத் தனியா விடாதீங்க" என்று சொல்லிவிடுவாள். அநேகமாக அது தப்பியதில்லை.

மூன்றாவது மாடியில் தனியறை கொடுத்திருந்தார்கள். அறை வாசலில் பெரிய வரவேற்பே காத்திருந்தது.

"மேடம் வீட்டுக்காரர்" என்ற செய்தி லிஃப்டுக்கு முன்னால் மாடியேறியிருந்தது. ஒருவர் தலையணையைத் தட்டிப் போட்டார். ஒருவர் ஜன்னல் திரையை விலக்கினார். கேண்டீனிலிருந்து கேட்காமலே காபி வந்தது.

"கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி இருக்கு" என்று ராகவேந்திரன் கட்டிலில் சாய்ந்தார்.

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ரத்னா கையில் டேப்லெட்டோடு வந்தாள். ஒவ்வொரு நோயாளியும் வந்தவுடன் கேட்கும் கேள்விகள்தான். ஒவ்வாத மருந்து உண்டா, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தத்துக்கு என்ன சாப்பிடுகிறார். கேட்டுக்கொண்டே வந்தவள், அடுத்த பகுதிக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கினாள். அந்தப் பகுதியை எழுதித் தயாரித்தவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சமீபத்துல எங்கயாவது கீழ விழுந்திருக்கீங்களா சார்?"

ராகவேந்திரன் வாயைத் திறந்தார்.

"இல்லை. மேல போ" என்றாள் சாருலதா. அவள் கண் கைபேசியில் இருந்தது. பிற்பகல் வகுப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

"நடக்கும்போது தடுமாற்றம்..."

"தினம் காலம்பற குளத்தைச் சுத்தி நடக்கறவர். ஒண்ணுமில்லை."

"சார் கொஞ்சம் எழுந்து நடந்து காட்டினா..." என்று ரத்னா ஆரம்பித்து, மேடத்தின் முகத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். நடக்க வைத்துப் பார்த்ததாகக் குறித்துக்கொண்டாள்.

விழும் அபாயம் உள்ளவர்களுக்குக் கட்டும் மஞ்சள் பட்டை ராகவேந்திரன் கையில் ஏறவில்லை. கட்டிலுக்கு மேலே எச்சரிக்கைப் பலகையும் மாட்டவில்லை.

"பெல் தலைமாட்டுல இருக்கு. எதுக்கானாலும் அமுக்குங்கோ" என்று சொல்லிவிட்டு சாருலதா கீழே போனாள்.

முப்பது வருஷமாகக் கூடவே நடக்கிறவரின் நடையை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

*

மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு ராகவேந்திரன் கண்ணயர்ந்தார். கிரீஷ் ஒரு ஆபீஸ் போன் பேசக் கீழே போயிருந்தான்.

விழித்தபோது அறை அமைதியாக இருந்தது. குளியலறைக்குப் போக வேண்டும் போலிருந்தது.

பெல்லைப் பார்த்தார். அமுக்கினால் அந்தப் பெண் ரத்னா வருவாள். தன் தம்பி பெண் வயதுதான் இருக்கும். அவளிடம் போய், என்னைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போ என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு ஆபரேஷன் ஆன பிறகு வேறு வழியில்லை. இன்றைக்கு என்ன?

எழுந்தார். தரையில் கால் ஊன்றி ஒரு நிமிஷம் நின்றார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கட்டிலின் ஓரம், பிறகு மேஜை, பிறகு சுவர் என்று தொட்டுக்கொண்டே போனார். வீட்டிலும் சில மாதங்களாக அப்படித்தான் நடக்கிறார். சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பதை யாரும் கவனித்ததில்லை.

குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு கட்டியிருந்தார்கள். வலது காலை எடுத்து வைத்தார். இடது காலையும் தூக்கிவிட்டதாக நினைத்தார்.

கால் எழும்பவில்லை.

அடுத்து அவருக்குத் தெரிந்தது, முகத்துக்கு அருகில் வாளியும் முழங்கையில் எரிச்சலும்தான்.

முதலில் பார்த்தது, படுக்கைத் துணி மாற்ற வந்த வார்டு உதவியாளர் இனாயத்.

"ஐயோ சார்! இன்னா சார் இது! அப்டியே இருங்க, எந்திரிக்காதீங்க! சிஸ்டர், ரத்னா சிஸ்டர், சீக்கிரம் வாங்க!" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஓடி வந்து, அவர் தலைக்கடியில் தன் கையை வைத்தான். "பெல்லு பக்கத்துலயே கீதே சார். ஒரு அமுக்கு அமுக்கினா நான் வந்துக்கினே இருப்பேனே."

"ஒண்ணுமில்லைப்பா. வழுக்கிடுத்து."

இனாயத் சுற்றிலும் பார்த்தான். காலையிலிருந்து யாரும் குழாயைத் திறக்காத குளியலறை. தரை காய்ந்து கிடந்தது.

*

சாருலதா அப்போது கீழே, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். நோயாளி போட்டு வரும் செருப்பைப் பாருங்கள், பின்பக்கம் வார் இல்லாத செருப்பு வேண்டாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது.

"மேடம், சார்..." என்றது வார்டு பொறுப்பு நர்ஸின் குரல். "பயப்படாதீங்க. அடி ஒண்ணும் பெரிசா இல்ல."

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை.

அவள் மேலே வரும்போது டியூட்டி டாக்டர் பரிசோதித்து முடித்திருந்தார். தலையில் அடியில்லை. எலும்பு முறியவில்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்தது. ராகவேந்திரன் கட்டிலில் உட்கார்ந்து, எல்லாரையும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

"வழுக்கிடுத்து சாரு. நான்தான் அவசரப்பட்டுட்டேன். யாரையும் ஒண்ணும் சொல்லாதே."

அவள் அவர் முழங்கையைப் பார்த்தாள். பிறகு குளியலறைத் தரையைப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

வெளியே நடைகூடத்தில் ரத்னா அழுதுகொண்டிருந்தாள்.

"நடக்கச் சொல்லிப் பாத்திருக்கணும் மேடம். நான் பாக்கல. பாத்ததா போட்டுட்டேன். என் மேலதான் தப்பு."

பொறுப்பு நர்ஸ் சாருலதாவை ஓரமாக அழைத்தாள். "மேடம், சின்ன சிராய்ப்புதான். சாரே வழுக்கிடுச்சுன்னு சொல்றார். இதுக்குப் போய் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதணுமா? பாவம், புதுப் பொண்ணு. சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆவுது."

சாருலதா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். வேறு யாராவது ஒரு நோயாளியாக இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருக்காது. விழுந்தால் எழுத வேண்டும். அவள் கொண்டு வந்த விதி.

"எழுதணும்" என்றாள். பிறகு ரத்னாவிடம் வந்தாள். "அழாதே. காலையில நீ யாரைக் கேட்டே?"

"சாரை, மேடம்."

"பதில் சொன்னது யாரு?"

ரத்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சொன்னேன். அதை எழுது. நடக்க வைக்காதது உன் தப்பு, அதையும் எழுது. ரெண்டையும் எழுது."

"உங்க பேரை நான் எப்படி மேடம்..."

"நோயாளியின் மனைவி பதில் சொன்னாங்கன்னு எழுது. யாருன்னு கேட்டா என் பேரைச் சொல்லு. கேப்பாங்க. கேக்கட்டும்." சாருலதா தன் கைக்குட்டையை அவளிடம் கொடுத்தாள். "முகத்தைத் துடைச்சுக்கோ. உள்ள போய் அதே கேள்வியெல்லாம் முதல்லேருந்து மறுபடி கேளு. நான் வெளியில இருக்கேன்."

*

கிரீஷ் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீயே போய்க் கேட்டா என்னம்மா?"

"என்கிட்ட சொல்றதா இருந்தா எப்பவோ சொல்லியிருப்பாரேடா."

கிரீஷ் எதையோ சொல்ல வந்து, கட்டை விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டான். சாருலதா அதைக் கவனித்தாள். தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த நேரத்தில் அதைக் கிளற வேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

கதவு மூடியிருந்தது. ரத்னாவின் மெல்லிய குரலும், நடுநடுவே ராகவேந்திரனின் குரலும் கேட்டன. வார்த்தைகள் புரியவில்லை. ஒரு முறை அவர் நடப்பது கேட்டது. மெதுவாக, ஒரு காலை லேசாகத் தேய்த்து வைக்கிற சத்தம். எத்தனை காலமாக இந்தச் சத்தம் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறது? மாடி வீட்டுக்காரர்கள் நாற்காலி நகர்த்துகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தாள்?

கதவு திறந்தது. ரத்னாவின் முகம் இப்போது வேலை செய்கிற முகமாக இருந்தது.

"சார் உங்களைக் கூப்பிடறார் மேடம். எல்லாம் அவரே சொல்றேன்னார்."

உள்ளே போனாள். ராகவேந்திரன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை.

"முப்பது வருஷம் முன்னாடி நான் உனக்குக் கட்டினேன். இப்ப உன் ஆஸ்பத்திரி எனக்குக் கட்டிடுத்து."

சாருலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் கண் கலங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சொல்லுங்கோ."

"தை மாசம் ஒரு நாள் விழுந்தேன் சாரு."

"குளத்தங்கரையிலயா?"

"இல்லை." அவர் மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பி விட்டுக்கொண்டார். "நங்கநல்லூர்ல."

நங்கநல்லூர் என்றால் அந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு வீடுதான். ராகவேந்திரனின் தம்பி பத்ரிநாராயணனின் வீடு. அந்த வீட்டோடு போக்குவரத்து நின்று பல வருஷங்களாகிவிட்டன.

காரணம் சாருலதாதான். கொரோனாவுக்கு முந்திய வருஷம் மாமனார் அந்த வீட்டுக் குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பதின்மூன்றாம் நாள், உறவுக்காரர்கள் எல்லாரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, "வயசானவர் இருக்கற ஆத்துல பாத்ரூம்ல ஒரு கைப்பிடி கூட வைக்கத் தோணலையா பத்ரி?" என்று அவள் கேட்டாள். பத்ரி பரிமாறிக்கொண்டிருந்த பாயசப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனவர், எல்லாரும் கிளம்பும்வரை இறங்கி வரவில்லை.

"அங்க போயிண்டிருக்கேளா?" என்றாள் சாருலதா.

"வாரத்துல ஒரு நாள். காலம்பற நடக்கப் போறேன்னு சொல்லிட்டு ரயில்ல போயிடுவேன். ஒரு காபி சாப்பிடுவேன், பேப்பர் படிப்போம், வந்துடுவேன். அவன் என் தம்பி சாரு."

அவள் விலகியிருந்த போர்வையை அவர் காலுக்கு இழுத்து விட்டாள்.

"அன்னிக்கு அந்த பாத்ரூம்லேருந்து வெளியில வரேன். வாசல்லயே விழுந்துட்டேன். அதே பாத்ரூம்." அவர் போர்வையின் ஓரத்தைத் தடவினார். "இப்ப நாலு பக்கமும் கைப்பிடி இருக்கு. நீ கேட்ட மறு வாரமே ஆளைக் கூப்பிட்டுப் போட்டுட்டானாம். ஆனா என் கால் வரலை. அதுக்குக் கைப்பிடி என்ன பண்ணும்?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா என்ன ஆகும்? பத்ரி ஆத்துல விழுந்தேன்னு ஆயிடும். என் காலை யாரும் பாக்க மாட்டா. அவன் ஆத்தைத்தான் பாப்பா. ஒரு தடவை கேட்டதையே அவன் இன்னும் மறக்கலை."

சாருலதா அந்த மஞ்சள் பட்டையைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் கேட்டதில் தப்பில்லை என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தாள். இப்போதும் கைப்பிடி வேண்டும் என்றுதான் சொல்வாள். ஆனால் மாமனார் ஏன் விழுந்தார், எப்படி விழுந்தார் என்று பத்ரியிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை. நேராகத் தீர்ப்புச் சொன்னாள்.

"காபி நன்னா இருக்குமா அங்க?" என்றாள்.

"உன் காபி மாதிரி வராது."

"பொய்."

"பொய்தான்" என்றார் அவர்.

*

சாயங்காலம் நரம்பியல் டாக்டர் வந்தார். பாதத்தால் தன் கையைத் தள்ளச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். இடது கால் கொஞ்சம் பலவீனமாகத்தான் இருக்கிறது, ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். குரலில் அவசரம் இல்லை.

"விழறதுக்கு முன்னாடி கண் இருட்டிச்சா? நினைவு தப்புச்சா?"

"தெரியலை டாக்டர். தரையில இருந்தேன். அதுதான் தெரியும். இன்னிக்கும் அப்படித்தான்."

"இன்னிக்கு யாரும் பாக்கல. போன தடவை யாராவது பாத்தாங்களா?"

"என் தம்பி. எதிர்லயே துண்டோட நின்னுண்டிருந்தான்."

"அப்ப அவர்கிட்ட பேசணும்" என்று டாக்டர் சாருலதாவைப் பார்த்தார். "மயங்கி விழுந்தாரா, கால் தடுக்கி விழுந்தாரான்னு பாத்தவங்கதான் சொல்ல முடியும். மயக்கம்னா இதயத்தையும் பாக்கணும். நாளைக்கு ஆபரேஷன் வச்சுக்கலாமா வேண்டாமான்னு அதுக்கப்புறம்தான் சொல்லுவேன். நம்பர் குடுங்க, நானே பேசறேன்."

"இல்ல டாக்டர்" என்றாள் சாருலதா. "ஆஸ்பத்திரியிலேருந்து யாரோ கூப்பிட்டா பயந்துடுவார். நானே பேசறேன்."

ராகவேந்திரன் அவளையே பார்த்தார்.

நடைகூடத்துக்கு வந்தாள். அவள் கைபேசியில் பத்ரியின் எண் இல்லை. என்றைக்கோ அழித்துவிட்டாள்.

"கிரீஷ், உன் சித்தப்பா நம்பர்..."

கிரீஷ் தேடக்கூட இல்லை. அவன் கடைசியாகப் பேசியவர்கள் வரிசையில் மேலேயே இருந்தது. அதை அம்மா பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவன் காது சிவந்தது.

"அப்புறம் உன்னை வச்சுக்கறேன்" என்றாள். குரலில் கோபமில்லை.

அவன் கைபேசியை வாங்கி, அதிலிருந்தே அழைத்தாள். மணி அடித்தது. எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுடா கிரீஷ்" என்றது பத்ரியின் குரல். கொஞ்சம் தளர்ந்திருந்தது. பின்னால் குக்கர் விசில் சத்தம்.

"கிரீஷ் இல்லை. நான் சாரு பேசறேன்."

அடுப்பை யாரோ அணைத்தார்கள்.

"அண்ணாக்கு என்ன?" என்றார் பத்ரி.

"நன்னா இருக்கார். நன்னா பேசிண்டிருக்கார். நாளைக்கு ஆபரேஷன். அதுக்கு முன்னாடி டாக்டருக்கு ஒரு விஷயம் தெரியணும். தை மாசம் அவர் அங்க விழுந்தாராமே. நீ பக்கத்துல இருந்தியாம். ஆத்தைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலை பத்ரி. அவர் எப்படி விழுந்தார்? கண்ணு சொருகித்தா, கால் தடுக்கித்தா? நீ பாத்ததை அப்படியே சொல்லு. உன்னை விட்டா வேற யாருக்கும் தெரியாது."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"மன்னி" என்றார் பத்ரி கடைசியில். அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. "அண்ணா உங்ககிட்ட என்ன சொல்லியிருக்கான்னு எனக்குத் தெரியலை. சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிண்டிருக்கான்."

"பரவாயில்லை. சொல்லு."

"எந்தத் தடவை விழுந்ததைக் கேக்கறேள்?"

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். உள்ளே ராகவேந்திரன் இனாயத்திடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாருலதா சுவரோரம் இருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் சொல்லு பத்ரி. நான் குறுக்கே பேச மாட்டேன்."